கடல்நாய்க்குப் பாடிய பாட்டு

என் தாய்மாமா அப்போது ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு சின்னக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். பன்னிரண்டே பயணிகள். மனிதர்கள் குறைவாகவும் பறவைகள் அதிகமாகவும் உள்ள தீவுகளைச் சுற்றிக் காட்டும் கப்பல் அது. விடுமுறைக்கு யாங்கோன் வந்தால் தாகேதாவில் எங்கள் வீட்டில்தான் தங்குவார். வந்த அன்றே கடல்நாய்க் கதை தொடங்கிவிடும். அந்தத் தீவுக்காரர்களுக்குக் கேலிக் என்று ஒரு பழைய பாஷை உண்டாம். அதில் பாடினால் கடல்நாய்கள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்குமாம். "இங்கிலீஷ்ல பாடுனா திரும்பிக்கூடப் பாக்காதும்மா" என்பார். எனக்கு ஒன்பது வயது. நம்பாமலிருக்க ஒரு காரணமும் இல்லை.

ஒரு டிசம்பரில் மாமா ஆற்றில் கப்பல் சுற்றுலா ஒன்றை ஏற்பாடு செய்தார். கப்பல் என்றால் வாடகைக்கு எடுத்த மோட்டார் சம்பான் படகு. எனக்காகத்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் அது பெண் பார்க்கும் படலம். அந்தப் பெண்ணைக் கோவில் வாசலில் ஒருமுறை பார்த்ததிலேயே மாமாவுக்குப் பிடித்துவிட்டது. பஜ்ஜி தின்றுகொண்டே ஒருத்தியைத் தலைகுனிய வைத்துப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதம் வேறு. அம்மாவின் கவலை இன்னொன்று. லான்மடாவில் துணிக்கடை வைத்திருந்த அந்த வீட்டில் எல்லோரும் பர்மா பாஷைதான் பேசுகிறார்கள். தமிழ் தெரியாத பெண்ணென்றால் சம்பந்தமே வேண்டாம் என்று மாமாவிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. கடல்நாய் பார்க்க அம்மா எதற்குப் பட்டுச்சேலை கட்டுகிறாள் என்று மட்டும் அன்று யோசித்தேன்.

பெண்ணின் அம்மா, படகென்றால் தலை சுற்றும் என்று கரையில் தேநீர்க் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா எங்கள் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். பட்டுச்சேலைக்கு மேல் அதை மாட்டிய அம்மா கயிறு போட்டுக் கட்டிய மூட்டை மாதிரி இருந்தாள். "வலது பக்கம் கடற்காகம். இடது பக்கமும் கடற்காகம்" என்று மாமா அறிவித்தார். எங்களோடு படகேறிய அந்தத் துணிக்கடை வீட்டு அக்கா சிரித்தார். ஆனால் அம்மா தமிழில் கேட்டதற்கெல்லாம் பர்மா பாஷையில் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வந்தது. அம்மாவின் முகம் சுருங்கச் சுருங்க மாமாவின் அறிவிப்புகளும் குறைந்து நின்றேபோயின.

எனக்கோ கடல்நாயைக் காணோமே என்று அழுகை வந்தது. பாடினால்தானே வரும்? கோவில் வகுப்பில் மனப்பாடம் செய்த முருகன் பாட்டை ஆரம்பித்தேன். இரண்டாவது அடியிலேயே மறந்துபோய்த் திருதிருவென விழித்தேன். விட்ட இடத்தில் அந்த அக்கா பிடித்துக்கொண்டார். ஒரு சொல் பிசகாமல் கடைசி அடிவரை பாடினார். படகோட்டிகூட மோட்டாரை நிறுத்திவிட்டார்.

"தமிழ் தெரியுமாம்மா உனக்கு?" என்றாள் அம்மா.

"நல்லா வெளங்கும்க்கா. பேசுனா தப்பாப் போயிரும். நீங்க சிரிப்பீங்கன்னு வெக்கம்."

"நான் எதுக்கும்மா சிரிக்கிறேன்?" என்ற அம்மா, நகர்ந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது தூரத்தில் கறுப்பாக ஏதோ முங்கி முங்கி மிதந்தது. அக்கா என் தோளைத் தொட்டு, "அந்தா பாரு, ஒன் கடல்நாய்" என்றார். எனக்கென்னவோ அது மட்டைத் தேங்காய் போலத்தான் பட்டது. வருஷக்கணக்காகக் கடல்நாய்களைப் பார்த்தவர் ஆயிற்றே என்று மாமாவிடம் கேட்டேன்.

"கடல்நாயேதான்" என்றார் மாமா.

தை பிறந்தது, வழியும் பிறந்தது. அந்த அக்கா எனக்கு அத்தையானார். என் பாட்டுக்குக் கடல்நாய் வந்ததென்று நானும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். தண்ணீர்ப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல் மாமா எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதுதான் ரொம்ப நாள் எனக்கு விளங்கவில்லை.