இழுப்பறையில் பூட்டிய இதழ்

கோதண்டபாணிக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது எண்பத்து மூன்றில், திண்டிவனம் பக்கத்து வேர்க்கடலை ஆராய்ச்சிப் பண்ணையில் கிருஷ்ணவேணி வேலைக்குச் சேர்ந்த வருஷம்.

கெடார் கிராமத்தில் ஏர் பிடித்த குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர். ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நோட்டில் பார்த்து எழுதிவிட்டுத்தான் மறுவேலை. பன்னிரண்டு வருஷத்தில் பத்தொன்பது நோட்டு. கிளியனூரிலிருந்து வந்த கிருஷ்ணவேணியோ தலைப்பு, சுருக்கம், அட்டவணை, முடிவு என்று நாலு இடத்தைப் பார்ப்பாள். தேவைப்பட்டால்தான் நடுவே நுழைவாள். இருபது நிமிஷம், சின்ன அட்டையில் ஆறு வரி, முடிந்தது. அதைப் படித்து அதிகாரி தலையாட்டுவார். பத்தொன்பது நோட்டில் ஒன்றையாவது அந்த மனுஷன் புரட்டியிருப்பாரா? எரியாதா பின்னே?

அந்த வருஷம் கோயம்புத்தூர்க் கருத்தரங்குக்கு ஒரே ஆள்தான் போகலாம். இலைப்புள்ளி நோய் பற்றி அமெரிக்க இதழில் வந்த கட்டுரையை வைத்து இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும். எவர் எழுதியது தேறுகிறதோ அவருக்கு டிக்கெட். இதழோ ஒரே பிரதி. அதன் மேலட்டையில் ஒட்டிய சீட்டின் பெயர் வரிசைப்படிதான் கைமாறும். முதல் பெயர் கோதண்டபாணி. கையெழுத்துப் போட்டு வாங்கினார், இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"சார், அந்த பொஸ்தகம்..."

"எழுதிக்கினு இருக்கேம்மா, தர்றேன்."

பார்க்கலாம் உன் இருபது நிமிஷத்தை!

இரண்டு மாதம் ஓடிற்று. கெடுவுக்கு முதல் நாள் அமெரிக்கத் தபால்தலையோடு இரண்டு உறைகள் வந்தன. ஒன்று கிருஷ்ணவேணிக்கு. மற்றதில் அவர் பெயர்.

"கட்டுரை எழுதினவருக்கே ஒரு கார்டு போட்டா அந்தக் கட்டுரைய மட்டும் தனியா அச்சடிச்ச பிரதி ஓசியா அனுப்புவாங்க சார். பொஸ்தகம் வந்த அன்னிக்கே அட்ரஸ் குறிச்சிக்கினேன். நீங்க கை நோவ எழுதிக்கினு இருக்கீங்களேன்னு உங்க பேருக்கும் ஒண்ணு கேட்டேன்."

சொல்லிவிட்டுத் தன் உறையைப் பிரித்தாள். டீ வருவதற்குள் அட்டையில் ஆறாவது வரியும் ஏறிவிட்டது.

கோதண்டபாணி மூன்றாம் பக்கம்கூடத் தாண்டியிருக்கவில்லை. இதழை வெளியே எடுத்தால் கேட்டுவிடுவாளே என்று பூட்டிப் பூட்டி வைத்ததுதான் மிச்சம். வைக்கோல் போரில் படுத்த நாயின் கதைதான். நாளைக்கு எழுதித் தர ஒரு வரி கிடையாது.

தன் பெயர் போட்ட உறையை அவர் தொடவேயில்லை. படிப்பில் முந்தினாள், தொலையட்டும். நல்ல மனசிலுமா முந்தவேண்டும், பாவி மகள்?