என் வீட்டுக்காரரின் தலைக்கு வைத்த கரண்ட்

எழுபதுகளின் தொடக்கத்தில், என் வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் அறுத்து எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் தலைக்குக் கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முடி கொட்டும், வாந்தி வரும் என்றார்கள். மறதி வரும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக்குத் திரும்பி ஐந்தாறு மாதம் கழித்துத் தறியில் உட்கார்ந்தார். பட்டுச் சேலையின் கரையையும் உடலையும் சேர்த்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். மறுபக்கக் கரைக்கு, ஊடை நூல் ஓட்டும் நாடாவைப் போடுகிறவள் நான். அவர் கை முன்பு போலவே ஓடியது. தெருவே வந்து அந்தக் கையைத்தான் பார்த்தது.

"கை மறக்கல பாரு. ஆளு பொழச்சிக்கினாரு" என்று சொல்லி, கூலிக்கு நெய்யக் கொடுக்கும் முதலாளி புதுப் பாவு நூல் கொடுத்தனுப்பினார்.

காலையில் சாப்பிட்டதையே மறந்துவிட்டு மறுபடி சோறு கேட்கிறாரே என்று நான் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? எங்கள் தெருவில் நாடா ஓடினால் மனிதன் சுகம். கடைசியில் நானும் அதைத்தானே நம்பினேன்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சேலையின் முந்தியை, முந்தானைப் பகுதியை, எங்கே தொடங்குவது என்பது அவர் கணக்கு. நடுவில் யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் கோபம் வரும். புதுப் பாவில் நெய்த அந்தச் சேலையில் முந்தி வரவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு முழம் உடலையே நெய்துகொண்டு போனார். பொறுக்க முடியாமல், முந்தி எப்போது என்று கேட்டேன்.

"இன்னிக்கித்தான ஆரம்பிச்சோம்?" என்றார். பன்னிரண்டு நாளாகியிருந்தது.

முதலாளி வந்து துணியைப் பார்த்துவிட்டு, "குடிச்சிட்டு நெய்யிறியா?" என்று கத்தினார். சாராயக்கடைப் பக்கமே போகாத மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே மெட்ராஸுக்கு பஸ் ஏறிப் போய், கரண்ட் வைத்த டாக்டர் முன்னால் நின்றேன்.

"கட்டி ஒரு பக்கந்தான சார் இருந்துச்சு? தலை முழுக்க எதுக்கு வெச்சீங்க?"

"திரும்ப வரக் கூடாதுன்னா அப்படித்தாம்மா வைக்கணும். அதான் முறை."

"மறதி வரும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சில பேருக்கு வரும். உயிர் இருக்கே, அதப் பாருங்க. முன்னாடியே சொல்லியிருந்தா பயந்துபோய் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பீங்க."

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு டாக்டரிடம் குரலை உயர்த்தினேன்.

"திரும்பக் கூட்டிக்கினு வந்திருப்பேன் சார். ஆனா அதுக்கு முன்னாடி நாலு நாளு வீட்ல வெச்சிக்கினு, அவரு மனசுல இருந்ததெல்லாம் பேசச் சொல்லிக் கேட்டுக்கினு இருந்திருப்பேன். அந்த நாலு நாள எங்ககிட்ட கேக்காமயே எடுத்துக்கினீங்களே!"