நீட்டிய கார்

அந்தக் கார் நேர்ச்சாலையில் சாதுவாக ஓடும். வளைவைக் கண்டால்தான் அதற்குப் பைத்தியம் பிடிக்கும். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தபோது எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டு ஓடிய வண்டி அது. ஆள் அதிகம் ஏற்ற வேண்டுமென்று ஜப்பான் அதிகாரி அதன் பின்பக்கத்தை வெட்டி, இரும்புச் சட்டம் வைத்து, பலகை அடித்து நீட்டச் சொன்னான். முன் சக்கரமும் பின் சக்கரமும் விலகிப் போயின. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் நடுவே இருந்த அகலம் மட்டும் பழையபடியே இருந்தது. என் வீட்டுக்காரர்தான் டிரைவர். நீளம் கூடியதால் வண்டி குழியில் அவ்வளவாகக் குதிக்காது, ஆனால் சட்டென்று திரும்பவும் செய்யாது. மேலே ஆளை நிறைத்தால் வளைவில் கவிழப் பார்க்கும். அகலத்தையும் கூட்டலாம் என்று அவர் சொன்னதற்குக் கன்னத்தில் அறைதான் கிடைத்தது.

டிரைவர் வேலை இருக்கும்வரை சயாமில் ரயில் பாதை போட அவரைப் பிடித்துப் போகமாட்டார்கள். எனக்கு அது போதும். வண்டி ஒரு தடவை கவிழ்ந்தால் வேலையும் போகும், அவரும் போவார். அதனால் சுங்கைப்பட்டாணி சாலையில், சிடாம் கிரிக்கு அருகே வலப்பக்கம் திரும்பும் பெரிய வளைவு வரும்போது வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுப்பார்.

"வலப்பக்கம் சாஞ்சிக்குங்க லா, எல்லாரும் சேந்து."

மரவள்ளிக்கிழங்கு விற்க நானும் அதில் போவேன். எல்லோரும் ஒன்றாகச் சாய்வோம். யாராவது யார் மடியிலாவது விழுவார்கள். பசியிலும் சிரிப்பு வரும்.

பிறகு அதே வண்டியில்தான் எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்ப ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களும் வளைவில் ஒன்றாகச் சாய்ந்தார்களாம். அதைச் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. லயம் காலியாக ஆக எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏற்ற ஆளில்லாத வண்டிக்கு டிரைவர் எதற்கு? கடைசி நடையில் அவரையும் ரயிலில் ஏறச் சொன்னார்கள். அழுது கெஞ்சி நானும் ஸ்டேஷன்வரை போயிருந்தேன்.

"திரும்பிப் போறப்ப வேற ஆளு ஓட்டுவான். வளைவுல நல்லாப் பிடிச்சிக்க புள்ள" என்றார்.

ஒரு சிப்பாய் ஓட்டினான். பின்னால் நான் ஒருத்திதான். வளைவு வந்ததும் கம்பியை இறுகப் பிடித்தேன். பாரம் இல்லாத வண்டி துளியும் சாயாமல் திரும்பியது. அதன்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அவர் வரவேயில்லை. இப்போது அக்காள் மகன் என்னை அலோர் ஸ்டாருக்குக் காரில் கூட்டிப்போகிறான். தாழ்வான, அகலமான கார். வளைவே தெரியவில்லை பாருங்கள் சித்தி என்று பெருமையாகச் சொல்கிறான். ஆமாம் என்கிறேன். வண்டி ஆட்டமில்லாமல் திரும்பும்போதெல்லாம், கொண்டுபோனவர்களை எல்லாம் இறக்கிவிட்டு வருவதுபோலத்தான் எனக்கு இருக்கிறது.