எட்டு வருட விரதமும் திருவண்ணாமலையில் நான்கு நாள் யோகாவும்

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் இழுத்தடித்தேன். கோயில், பஸ் நேரம், ரூம் வாடகை என்று எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று படுக்கையறை விஷயத்தை எழுதினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்ற பயம்தான். பேசட்டும். வாயை மூடிக்கொண்டிருந்து நான் கண்ட பலன் போதும்.

போன ஆகஸ்ட் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனோம். கிரிவலத்துக்குப் போகவில்லை. கணவன் மனைவி சேர்ந்து கற்றுக்கொள்ளும் நான்கு நாள் யோகா வகுப்புக்குப் போனோம். எனக்கு நாற்பத்திரண்டு வயது, அவருக்கு நாற்பத்தேழு. ஒரே மகள் சென்னையில் ஹாஸ்டலில் படிக்கிறாள்.

எதற்காகப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். புண் ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் சேரும்போதெல்லாம் உயிர் போகிற வலி. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீடுகளில் அந்த வலியைப் பற்றிப் பேசுகிற வழக்கமே கிடையாது. விரதத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். "இன்னிக்கு விரதங்க" என்று சொல்லிவிட்டால் போதும், மறுபேச்சு இல்லாமல் அவர் ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வார்.

முதலில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான். அப்புறம் கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமி என்று காலண்டரையே வளைத்துப் போட்டேன். மிச்சம் மீதி நாட்களுக்கு இருக்கவே இருக்கிறது தலைவலி. இந்த வலைப்பதிவில் நான் எழுதிய விரதச் சமையல் குறிப்புகளைப் பக்தியோடு பின்பற்றியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அடுப்பில் சுண்டலை ஏற்றிவிட்டு நான் பயந்துகொண்டுதான் நின்றிருந்தேன்.

போன வருடம் வேறு ஏதோ பரிசோதனைக்குப் போன இடத்தில் பெண் மருத்துவர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப்போய் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பரிசோதித்துப் பார்த்து, "புண்ணெல்லாம் எப்பவோ ஆறிடுச்சுமா. வலிக்கப்போகுதேன்னு பயந்து இடுப்புக்குக் கீழ இருக்கற தசைய நீங்களே இறுக்கிக்கறீங்க. இறுக்கறதால வலிக்குது, வலிக்கறதால இன்னும் இறுக்கறீங்க" என்றார். ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்து, யோகா செய்யச் சொன்னார். திருவண்ணாமலையிலிருந்து பெண்களுக்கு ஆன்லைனில் யோகா சொல்லித்தரும் மல்லிகா மேடம் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். தினமும் காலையில் நாற்பது நிமிடம். ஐந்து மாதத்தில் உடம்பு எனக்கே புதிதாகத் தெரிந்தது. தூக்கம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் ஆசையும் வந்தது. "இனிமே வீட்டுக்காரரையும் கூட்டிக்கினு வாங்க" என்றார் மேடம்.

நானும் கூட்டிக்கொண்டு போனேன், இன்னொரு பொய்யைச் சொல்லி. எனக்கு இடுப்பு வலி என்றும், துணைக்கு ஆள் வேண்டும் என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 1.15க்கு வேலூரில் பஸ் ஏறினோம். கண்ணமங்கலம், போளூர் வழியாகச் சுமார் 85 கிலோமீட்டர். ஆளுக்கு எழுபது ரூபாய். 3.40க்கு இறங்கி, செங்கம் ரோட்டில் ஆசிரமம் இருக்கும் பக்கம் போக ஆட்டோ பேசினோம். நூற்றைம்பது கேட்டவர் நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார்.

"கிரிவலமா சார்? பௌர்ணமியெல்லாம் முடிஞ்சிபோச்சே."

"இல்லப்பா, யோகா கிளாஸ். வீட்ல அவங்களுக்கு இடுப்பு வலி" என்றார் இவர்.

"யோகாவா? இந்த ரோட்ல வீட்டுக்கு வீடு அதான் சார். போர்டப் பாத்து உள்ள போயிடாதீங்க. யாரு, இன்னான்னு விசாரிச்சிட்டுப் போங்க" என்றார் டிரைவர். இதைவிட நல்ல அறிவுரை எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

தெரு உள்ளே தள்ளி ஒரு விடுதியில் ரூம், ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம். சுத்தம். காலை ஐந்தரைக்கே வெந்நீர் வரும். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்பதற்காக நூறு ரூபாய் ஜாஸ்தி வாங்குகிறார்கள். உண்மையில் தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன் மேல் கொஞ்சம் மலையும்தான்.

வகுப்பு காலை 6.30 முதல் 8 வரை, ஒரு வீட்டு மொட்டைமாடியில். ஜோடிக்கு நான்கு நாளுக்கு 2,400 ரூபாய். எங்களோடு ஆறு ஜோடிகள். மல்லிகா மேடம் கலசபாக்கம் பக்கத்துக் கிராமத்துக்காரர், முன்பு பிசியோதெரபி பார்த்தவர். திங்கட்கிழமை முதல் வேலையாகத் தாடையைத் தளர்த்தச் சொன்னார். "மேல பல்லக் கடிச்சா கீழ இடுப்பும் இறுகும். வேணும்னா செஞ்சி பாருங்க" என்றார். செய்து பார்த்தேன், நிஜம்தான். பிறகு வயிறு நிரம்ப மூச்சு, முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து இருவரும் ஒரே கதியில் மூச்சு விடுவது, படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், சுவரில் காலை நீட்டிப் படுப்பது. ஆபாசமாக ஒன்றுமே கிடையாது. அப்படி நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

முக்கியமான பயிற்சி ஒன்று உண்டு. பாதங்களைச் சேர்த்து முழங்காலை விரித்து ஒருவர் உட்கார, மற்றவர் எதிரில் உட்கார்ந்து முழங்கால்களை மெதுவாக அழுத்த வேண்டும். அழுத்துபவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் ஜாஸ்தி, கம்மி, போதும் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். இவர் அழுத்தினார். எனக்குத் தொடையில் சுள்ளென்று இழுத்தது. "சரியா இருக்குங்க" என்றேன்.

பின்னாலிருந்து மேடம் குரல். "மூஞ்சி ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுதே. அவருக்கு எப்படிங்க தெரியும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து, தெருமுனைக் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ரூமுக்கு வந்தபோது எட்டே முக்கால் இருக்கும். உடம்பு லேசாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நானாகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்தது. முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"கீதா, இன்னிக்கு செவ்வாக்கெழம" என்றார்.

கோபமில்லை, குத்தல் இல்லை. நான் மறந்துபோய் விரதத்தைக் கெடுத்துக்கொள்ளப் போகிறேனே என்று எனக்காகப் பயந்து சொன்னார். அடக் கடவுளே, அப்போது எனக்கு வந்த அழுகையை எந்த மூச்சுப் பயிற்சியாலும் நிறுத்த முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன், வலி, காலண்டர், தலைவலி, இப்போது சொன்ன இடுப்பு வலி வரைக்கும்.

"எல்லா விரதமுமா?" என்று கேட்டார்.

"எல்லாமேங்க."

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பிறகு, "நான் கம்பெனிய எதுக்கு வுட்டேன் தெரியுமா உனக்கு?" என்றார்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் பதினான்கு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். ஆறு வருடத்துக்கு முன்னால் திடீரென்று விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு ஒரு ஹார்டுவேர் கடையில் சேர்ந்தார். முதலாளியோடு சண்டை என்று என்னிடம் சொன்னார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நான் ஒரு வருடம் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

"மொதலாளி தங்கமான ஆளு. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. தோல் வாசன எத்தினி சோப்பு போட்டாலும் போவாது. அது உனக்கு ஆவல, வாய் தொறந்து சொன்னா நான் வருத்தப்படுவேன்னு சாமி பேரச் சொல்லி ஒதுங்கிக்கினு இருக்கறேன்னு நெனச்சேன். அதான் வுட்டேன். வுட்டும் நீ கிட்ட வரல. சரி, வாசன ஒடம்புலயே ஊறிப்போச்சு போலன்னு இருந்துட்டேன்."

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் இன்னா பண்ணியிருக்கப் போறேன் கீதா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணிக்கு இரண்டு சாப்பாடு பார்சலோடு திரும்பி வந்தார். எனக்கு ரசம் பிடிக்கும் என்று ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கியிருந்தார். பேசவில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

புதன்கிழமை வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். நான் தனியாகப் போய்ச் சுவரில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை நான் கிளம்பும்போது, பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியில் இறங்கினார். கடைசிப் பயிற்சி அதே முழங்கால் பயிற்சிதான். அழுத்திக்கொண்டே, "வலிக்குதா?" என்று கேட்டார். "கொஞ்சம் வலிக்குதுங்க" என்றேன். உடனே கையை எடுத்துவிட்டார். "எடுக்க வேணாம், கம்மி பண்ணா போதும்" என்றேன். கம்மி பண்ணினார். இவ்வளவுதான் விஷயம். இதற்கு எட்டு வருடத்தைத் தின்றுவிட்டேன்.

அன்று மாலை 4 மணி பஸ்ஸில் ஊர் திரும்பினோம். இரண்டு பேருக்கும் எல்லாம் சேர்த்து சுமார் எட்டாயிரம் ஆனது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள், ரூம் வாடகை இரண்டு மடங்காகும், ஆட்டோ நகராது. மாடியில் காலை வெயில் சீக்கிரம் ஏறுகிறது, தொப்பி எடுத்துப் போங்கள். வலி இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். யோகா அதற்குப் பிறகுதான், அதுவும் உடனே ஆளை மாற்றிவிடாது. எனக்கு உடம்பின் இறுக்கம் தளர ஐந்து மாதம் ஆனது. பயம் குறைந்தது, மூச்சு நிதானமானது, எந்த இடம் இறுகுகிறது என்று தெரிந்தது. இதெல்லாம் நெருக்கத்துக்கு உதவும் என்று அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் ரூம் புக் செய்வதற்கு முன்னால், எதற்குப் போகிறோம் என்று துணையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பேச்சை யாரும் நமக்காகப் பேச மாட்டார்கள்.

இப்போது எங்களுக்குள் விரதம் இல்லை, பாயும் ஹாலுக்குப் போவதில்லை. வலி பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் கடையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்காருவதற்கு முன்னால், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் தன் சட்டைக் கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொள்கிறார்.