பின் சக்கரத்துப் பெரியப்பா

செத்துப்போன பிறகும் எங்கள் பெரியப்பா அளவுக்கு ஓயாமல் வேலை செய்தவர் கூடலூர் பக்கத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். குமுளி மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் தடுப்புச் சுவரில் மோதி இறந்தவர் அவர். அவருடைய பைக்கில் ஹெட்லைட் மட்டும்தான் உடைந்தது. தம்பியான சித்தப்பா அதை விற்க மனம் வராமல், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஹேண்டில்பாரில் கறுப்புக் கயிறு கட்டித் தானே ஓட்டத் தொடங்கினார். மலைமேல் ஏலத்தோட்டத்தில் அவருக்கு சூப்பர்வைசர் வேலை. தினமும் அதே பாதையில்தான் ஏறி இறங்க வேண்டும்.

அந்த வருஷம் முழுப்பரீட்சை விடுமுறைக்கு நான் சித்தி வீட்டில் இருந்தேன். சாயங்காலம் சித்தப்பா வருவதற்கு முன்பே கருகல் நாற்றம் வாசலுக்கு வந்துவிடும். பின் சக்கரத்து டிரம்மில் தண்ணீர் பட்டால் சுரீரென்று ஆவி பறக்கும். காலை வைக்காமலேயே பிரேக் பிடிக்கிறது என்றார் சித்தப்பா.

மெக்கானிக் டிரம்மைக் கழற்றி, எரிந்து பளபளத்துக் கிடந்த பிரேக் ஷூவை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் வைத்து, பிரேக்கை இறுக்கும் நட்டையும் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தார். மறுநாளும் அதே கருகல்.

"நேத்து நான் லூசாத்தானே விட்டேன். இத யாரு இம்புட்டு டைட் வச்சது?" என்றார் மெக்கானிக்.

சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வீடு திரும்பும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னார்: "அண்ணனுக்கு அன்னைக்குப் பிடிக்காத பிரேக்க, இப்ப வந்து பிடிச்சுப் பாக்குறாக."

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவரே நட்டைத் தளர்த்தினார். ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது நான். "சித்திகிட்டச் சொல்லிறாத ஆத்தா, பயந்துருவா" என்பார்.

விடிந்ததும் சித்தி வாசல் தெளிக்கப் போவாள். போனவள் அதே சக்கரத்தின் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து நட்டை அசைத்துப் பார்ப்பாள்.

"மறுபடி கழட்டி விட்டுருக்காக, பாரு."

"யாரு சித்தி?"

"உங்க பெரியப்பாதான். தம்பியவும் கூப்பிடுறாக."

முந்தானையைச் சுற்றிப் பிடித்து நட்டை இறுக்கித் திருகுவாள். அதன்மேல் ஒரு கீற்று திருநீறு பூசுவாள். "சித்தப்பாகிட்ட மூச்சு விடாத. அவுக தாங்க மாட்டாக."

சாயங்காலம் சித்தப்பா அந்தச் சாம்பலை விரலால் தொட்டுப் பார்ப்பார். உடனே எழுந்துபோய்க் கையைக் கழுவுவார். பெரியவர்கள் இரண்டு பேரும் என்னை நம்பி ஆளுக்கொரு ரகசியம் ஒப்படைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலத்துக்கும் விடியலுக்கும் நடுவில் பெரியப்பா வந்து தன் பங்குக்கு எதையோ திருகிவிட்டுப் போகிறார் என்றே நம்பினேன். வாசல் பக்கம் தலைவைத்துப் படுக்கவே மாட்டேன்.

விடுமுறை முடிவதற்குள் எனக்குக் குமுளியைச் சுற்றிக் காட்ட மூன்று பேரும் அந்த பைக்கில் கிளம்பினோம். நானும் ஏறுகிறேன் என்பதற்காக அன்று காலை சித்தி நட்டை இன்னும் கொஞ்சம் சேர்த்து இறுக்கியிருந்தாள். வண்டி முக்கிக்கொண்டே ஏறியது. மூன்று பேர் பாரம் என்று சித்தப்பா நினைத்துக்கொண்டார்.

இறங்கும்போது, லோயர் கேம்புக்கு மேலே உள்ள வளைவில், பின் சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்றுவிட்டது. வண்டி கிறீச்சிட்டுப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரை ஒட்டி நின்றது. எதிரே வந்த பஸ் எங்களை உரசாத குறையாகக் கடந்தது. பிறகு சத்தமே இல்லை. நல்ல வெயிலில், சக்கரத்திலிருந்து புகை மட்டும் மெல்ல எழுந்தது.

சித்தப்பா திரும்பிப் பார்க்காமலேயே, "விட்ருண்ணே, பிள்ள இருக்கு" என்றார்.

அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால், "விட்ருங்க மாமா" என்று சித்தி அழுதாள். பெரியப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். சித்திக்குப் பின்னால் சீட்டில் இடமே கிடையாது. ஆனாலும் நான் எட்டிப் பார்த்தேன்.

வண்டி பழைய இரும்புக்குப் போனது. ஆடி அமாவாசைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு சுருளித் தீர்த்தத்துக்குப் போனார்கள். சித்தப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்து, "எங்க மேல கோவம் வேணாம்ணே" என்று தழுதழுத்தார். சித்தி ஈரத்தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த கையால் நானும் பயபக்தியோடு கும்பிட்டேன். அந்த நட்டைத் தொடாத ஒரே ஆள் பெரியப்பாதான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.