பார்க்டேலில் ஒரு வல்லரசு

பார்க்டேலில் ஒரு அப்பாட்மென்றில் ஐந்து ஆண்கள் இருந்தோம். நான்கு பேரை எயார்போட்டில் இருந்து கூட்டிவந்தவர் ஐந்தாமவர். அவரை எல்லோரும் அண்ணை என்போம். என்னைக் கூட்ட வந்தபோது கையில் பழைய நீல ஜக்கற் ஒன்று வைத்திருந்தார். "போடும் தம்பி, வெளியில குளிர் கொல்லும்." அந்த ஜக்கற்றுக்கு நான் ஏழு பிறவிக்கும் கடமைப்பட்டவன். வந்த வினையே அதுதான்.

முதலில் யாருக்கு எந்த நாள் சமையல் என்று அவர் முறை வைத்தார். நல்லது என்றோம். பிறகு ரெலிபோன் அவருடைய கட்டிலடிக்குப் போனது. பிறகு ரிவி. கதவு பூட்டக்கூடிய ஒரே அறையும் அவருடையதாயிற்று. நாங்கள் ஹோலில் பாய் விரித்தோம். மனிதர் எதையும் பறிக்கவில்லை, நாங்களே தலையாட்டிக் கொடுத்தோம்.

அந்த மாரியில் என் மனைவிக்கு வீசா கிடைத்தது. தனிவீடு எடுக்க எனக்கு வக்கில்லை. இவ்வளவு காலம் பிரிந்திருந்தவளை ஆம்பிளைகளுக்கு நடுவே பாயிலா படுக்க வைப்பது? எனக்கு அந்த அறை வேண்டும். ஆனால் கேட்க நா எழவில்லை.

அப்போது நான் வளர்ந்தோர் பள்ளியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பேச எனக்குக் கிடைத்த தலைப்பு, போருக்குப் பிறகு சோவியத் யூனியன் அயல்நாடுகளை எப்படிக் கைக்குள் போட்டுக்கொண்டது என்பது. ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் தமிழில் சொல்லிப் பழகினேன்.

"ஜெர்மன்காரனைக் கலைச்சு மீட்டது அவங்கட ஆமிதான். பிறகு ஆமி திரும்பிப் போகேல்லை. எல்லாக் கட்சியும் சேர்ந்த அரசாங்கம் எண்டு சொல்லிப்போட்டு, பொலிசை மட்டும் தங்கட ஆக்களிட்டை வைச்சினம். பிறகு ரேடியோ. பிறகு மற்றக் கட்சியளை ஒவ்வொண்டாக் கரைச்சினம்."

சொல்லச் சொல்ல, இது யாருடைய கதை என்று எனக்கே விளங்கியது. மற்ற மூவரும் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினார்கள். ஒருவனுக்குப் புரையேறியது. அண்ணை கை கழுவிவிட்டு வந்தார்.

"ஐசே, உந்த ஆமி பிறகு போனதோ, இல்லையோ?"

"போனது அண்ணை. நாப்பது வருசத்துக்கு மேல எடுத்தது."

"ம்" என்றார். ஐயோ, அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் வேலையால் வந்தேன். அறைக் கட்டிலில் புது விரிப்பு. அண்ணையின் பெட்டி ஹோலில், என் பாய்க்குப் பக்கத்தில்.

"எனக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. வாய் திறந்து கேக்கிறதுக்கு என்ன விசரோ? ரஷ்யாவைச் சுத்தித்தான் வரவேணுமோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டிக்கொண்டே தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

எயார்போட்டுக்குக் கார் ஓட்டியவரும் அவர்தான். என் மனைவி வெளியே வந்தபோது எனக்கு முதலே போய் நின்றார். கையில் அதே நீல ஜக்கற், தோய்த்து மடித்தது. "போடும் பிள்ளை, குளிர் கொல்லும்."

ஒரு கிழமை போகவில்லை. வேலையால் வந்து குசினிக்குள் எட்டிப் பார்க்கிறேன். என் பெண்சாதி கத்தியும் கையுமாக நின்று ஹோல் பக்கம் குரல் கொடுக்கிறாள்:

"அண்ணை, இண்டைக்கு என்ன கறி வைக்கட்டும்?"