மோகனம் என்றார்கள், ஓம் என்றேன்

நான் ஒரு பாட்டைத் திருடினேன். தெரிந்தேதான் திருடினேன்.

அந்தப் பாட்டை நீங்களும் கேட்டிருக்கக்கூடும். மன்னாரில் நானாட்டான் பக்கத்தில் அறுவடை முடிந்து பொங்கும்போது பாடுவார்கள். பள்ளிக்கூட விழாக்களில் பிள்ளைகள் பாடுவார்கள். "பத்தை வெட்டி வாசல் கண்டோம்" என்று தொடங்கும். இந்த மண்ணின் பழைய மெட்டு என்று அறிவிப்பாளர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். பொய்! அது சீனத்து மெட்டு. பழையதும் அல்ல. என்னைவிட இளையவன் ஒருவன் கட்டிய பொப் பாட்டு.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் பெருமை வந்து நிற்கிறதே... நான் என்ன செய்ய! அவ்வளவு நன்றாக வந்த பாட்டு அது. அதில் பாதி என்னுடைய மூளை. இதை யாரும் மறுக்க விடமாட்டேன், உங்களையும்தான்.

என் பெயர் சிவமலர். கைக்குழந்தையாக இந்தியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணமும் முடித்தவள். சண்டை முடிந்த பிறகு கணவரோடு ஊர் திரும்பினேன். ஊர் என்று சொல்லுகிறேன்... எனக்கு அங்கே ஒரு மரத்தைக்கூட அடையாளம் தெரியாது. எங்கள் வளவில் முள்ளும் செடியுமாய் ஆளுயரத்துக்குப் பத்தை மண்டிக் கிடந்தது. அதை வெட்டி வெட்டி உள்ளே போனபோதுதான் வாசற்படி தெரிந்தது. பிறகு கிணறு தெரிந்தது. எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு துண்டு வானம். அன்றைக்கு நான் குந்தியிருந்து அழுதேன்.

ஆனால் ஊர் என்னை ஊர்க்காரியாக எடுக்கவில்லை. நான் வாய் திறந்தால் போதும், சிரிப்பார்கள். "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிப் பழகிய நாக்கு என்னுடையது. பக்கத்து வளவுப் பாக்கியம் அக்கா எனக்கு 'இந்தியாக்காரி' என்று பெயர் வைத்தார். பகிடிக்குத்தான்! நல்ல மனுசி, கறி காய்ச்சினால் ஒரு கோப்பை எங்கள் வீட்டுக்கும் வரும். ஆனாலும் அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் என்னைத் தைத்தது. அங்கே இருந்த காலமெல்லாம் 'சிலோன்காரி', இங்கே வந்தால் 'இந்தியாக்காரி'... அப்படியானால் நான் எந்த ஊர்க்காரி? நீங்களே சொல்லுங்கள்.

வீதியோரம் தகரம் போட்டு ஒரு தேநீர்க் கடை தொடங்கினேன். அந்த நாட்களில் எங்கள் வீதிக்குத் தார் போடுவதற்கு ஒரு சீனக் கம்பனி வந்திருந்தது. அதில் வீதியை அளக்கிற இளம் எஞ்சினியர் ஒருவன் தினமும் வந்து பிளேன்ரீ குடிப்பான். பெயர் மோ ஹான். அவன் தன் நெஞ்சைத் தொட்டு "மோ ஹான்" என்று சொன்ன அன்று பாக்கியம் அக்கா கடையில் நின்றார்.

"என்ன, மோகனோ! எங்கட சின்னம்மாட பேரனும் மோகன்தான். வா தம்பி, இரு" என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

அத்தோடு அவன் ஊருக்கே மோகன் ஆகிவிட்டான். அவனுக்கும் அது பிடித்திருந்தது. "மோகன்" என்று யார் கூப்பிட்டாலும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எழுந்து நிற்பான்.

அவன் தன் நாட்டில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு இசைக்குழு நடத்தியவன். கைபேசியை வெறும் பால்மா டின்னுக்குள் நிறுத்திப் பாட்டுப் போடுவான், சத்தம் பெரிதாகக் கேட்கும். அடியில் கிற்றாரும் டிரம்ஸும் மேல்நாட்டுக் கணக்கில் போகும். அதற்குள் திடீரென்று ஒரு மூங்கில் குழல், ஒரு பழைய தந்தி வாத்தியம்... எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்ட மாதிரி இருந்தது. கேட்கக் கேட்கப் பிடித்துவிட்டது.

தன் நாட்டில் இதே விஷயத்துக்குத்தான் ஓயாத சண்டை என்று சொன்னான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் என்னுடைய முகாம் பள்ளிக்கூட ஆங்கிலமும் எங்களுக்குப் போதுமாக இருந்தன. குழுவில் ஒருவன் குழலை எடுத்துவிடு, அது கிழவர்களுக்கு என்பானாம். இன்னொருவன் கிற்றாரை எடுத்துவிடு, அது நம்முடையது இல்லை என்பானாம். பெயர் பெற்ற பாடகர்கள் பலர் ஆட்டப் பாட்டு ஒன்றைக் கட்டிவிட்டு, அதன் மேல் இரண்டு நொடிக்குக் குழலைத் தூவிவிட்டு, 'இது நம் பாரம்பரியம்' என்று விற்கிறார்களாம். இதைச் சொல்லும்போது அவனுக்குக் கோபம் வரும். நான் அன்று வைத்திருந்த சொதியைக் காட்டினான். அதில் மிதந்த கறிவேப்பிலையை விரலால் எடுத்து ஓரமாக வைத்தான்.

"இப்பிடி இல்லை. பழசு மேல போடுறது இல்லை. உள்ளுக்கு... எலும்பு" என்றான்.

எலும்பு! அந்தச் சொல்லை அவன் எங்கே பிடித்தானோ. ஆனால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெட்டு பழைய ஐந்து சுரத்தில் நிற்க வேண்டும். மேல்நாட்டுச் சங்கதி அதைத் தாங்க வேண்டும், மூடக்கூடாது. எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசுகிற விஷயம் இது. எனக்கு ஒரு சட்டிச் சொதியில் முடிந்தது.

பிறகு ஒரு நாள் தானே கட்டிய பாட்டைப் போட்டுக் காட்டினான். அவன் பிறந்த ஊரை அணை கட்டித் தண்ணீருக்குள் விட்டுவிட்டார்களாம். சனத்தை வேறிடத்தில் குடியேற்றினார்களாம். தண்ணீருக்கு அடியில் இருக்கும் தன் வீட்டுக் கதவைப் பற்றிய பாட்டு. சொல் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் நான் பத்தை வெட்டிக் கண்டெடுத்த வாசற்படி கண்ணுக்குள் வந்து நின்றது...

அந்த நேரம் பார்த்துப் பிரதேசக் கலை விழா வந்தது. 'மண்ணின் பாடல்' என்று ஒரு போட்டி. சினிமா மெட்டுக் கூடாது, ஊர் மெட்டுத்தான் வேண்டும் என்று விதி. எங்கள் மாதர் சங்கத்தில் பாடக்கூடியவள் நான் ஒருத்திதான். என்னிடம் ஊர் மெட்டு எங்கே இருக்கிறது? மோகனிடம் கேட்டேன், உன் மெட்டுக்குத் தமிழில் சொல் போட்டுப் பாடட்டுமா என்று. அவன் துள்ளிக் குதித்தான்.

"பாடு அக்கா, பாடு! பேர் மட்டும் சொல்லு. மோ ஹான் எண்டு சொல்லு."

ஒரே ஒரு நிபந்தனை. அதற்கும் நான் தலையாட்டினேன்.

இனி என் பெருமையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். "பத்தை வெட்டி வாசல் கண்டோம் - எங்கட பழங்கிணத்தில் வானம் கண்டோம்" என்று நானே சொல் கட்டினேன். டிரம்ஸுக்குப் பதிலாகப் பெண்களைச் சுளகு தட்ட வைத்தேன். கிற்றாரை விட்டுவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? விடவில்லை! கிற்றார் செய்த வேலையை நான்கு பெண்களின் தொண்டைக்குள் ஒளித்து வைத்தேன். வாய் மூடி 'ம்ம்' என்று ஆளுக்கொரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மெட்டுத் திரும்பும் இடத்தில் அவர்களும் மாறுவார்கள். பாக்கியம் அக்காவை அந்தச் சுரத்தில் நிறுத்தி வைக்க நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆனால் நின்றார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை.

பாடி முடித்தோம். நடுவர்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர், ஒலிவாங்கியோடு எழுந்தார். மெட்டு யாருடையது என்று அவர் கேட்பார், நான் சொல்லுவேன் என்று தயாராகத்தான் நின்றேன். சத்தியமாகத் தயாராக நின்றேன்! பின்வரிசையில் மோகன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவர் கேட்கவே இல்லை.

"இந்த மெட்டு எங்கால வந்தது எண்டு கேக்கத் தேவையில்லை. இது மோகனம்! எங்கட வயல் மண்ணில விளைஞ்ச மோகனம். அந்தப் பெண்டுகள் பிடிச்ச ஒத்துச் சுருதியைக் கேட்டனீங்களோ, அதெல்லாம் பழைய ஆக்களின்ர முறை. இந்தியாவில போய்க் கிடந்திட்டு வந்தும் இந்தப் பிள்ளை ஊர் மெட்டை மறக்கேல்லைப் பாருங்கோ!"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அந்த நேரத்தில் பின்வரிசையைப் பார்த்தேன். மோகனம், மோகனம் என்று அவர் அந்த ஐந்து சுர ராகத்தைச் சொன்னதெல்லாம் அவனுக்குத் தன் பெயராகவே கேட்டிருக்கிறது. எழுந்து நின்றான். இரண்டு கையையும் கூப்பி எல்லாப் பக்கமும் கும்பிட்டான். முகம் சிவந்து, கண் கலங்கி... பக்கத்தில் இருந்தவர்கள் சீனாக்காரத் தம்பிக்கும் பாட்டுப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள்.

"என்ன பிள்ளை, நான் சொல்லுறது சரிதானே?" என்று ஆசிரியர் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்.

பாக்கியம் அக்கா என் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார். "எங்கட பிள்ளை, எங்கட பிள்ளை" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்து வளர்ந்த காலத்தில் எந்த நாட்டிலும் எவரும் எனக்குச் சொல்லாத சொல் அது! ஒலிவாங்கியில் ஒரு சீனப் பெயரை நான் சொன்னால் அந்தக் கை என் தோளை விட்டு எடுபடும் என்று எனக்குத் தோன்றியது. எடுபட்டிருக்குமா? இன்றுவரை தெரியாது. நான் சோதித்துப் பார்க்கவில்லை.

"ஓம் ஐயா" என்றேன்.

வெளியே வந்தபோது மோகன் ஓடி வந்தான். "அக்கா, பேர் சொன்னது? நான் கேட்டது. மோகன், மோகன்... சொன்னது?"

அவனுக்கும் அதே சொல்லைத்தான் கொடுத்தேன். "ஓம் தம்பி."

முதல் ஓமுக்குப் பயம் காரணம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு என்ன காரணம்? அவன் மட்டும்தானே நின்றான்! அப்போதே இல்லை என்று சொல்லியிருந்தால், உள்ளே திரும்பிப் போய்ச் சொல்லுவோம் வா என்றிருந்தால்... அவன் குனிந்து என்னை வணங்கினான். நான் அந்த வணக்கத்தையும் ஏற்றுக்கொண்டேன்.

வீதி முடிந்தது. அவன் போய்விட்டான். பாட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடங்கள் எடுத்தன. தலைமன்னாரில் ஒரு கலியாண வீட்டில் பைலாத் தாளத்தை அடியில் போட்டு ஆடினார்களாம். எங்கே கேட்டாலும் என் நெஞ்சு நிமிரும், பொய் சொல்ல மாட்டேன். ஊரில் இன்றைக்கு நான் 'பாட்டுக்கார மலர்'. இந்தியாக்காரி என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை.

போன மாதம் அவன் ஒரு காணொளி அனுப்பினான். ஒரு சிறிய மண்டபம், கிற்றாரும் குழலுமாக அவனுடைய பழைய குழு. தன் பாட்டைத்தான் பாடுகிறான். ஆனால் நடுவில் மூன்று பேர் வாய் மூடி 'ம்ம்' என்று நிற்கிறார்கள், நான் நிறுத்திய அதே மாதிரி! பிறகு அவன் வாயில் தமிழ்... "பத்தை வெட்டி வாசல் கண்டோம்." பாடத் தொடங்குமுன் சபையிடம் ஏதோ பேசினான். அதில் எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். மன்னார் என்றான். நானாட்டான் என்றான். 'சி... வ... ம... லர்' என்றான். அந்தக் கடைசி எழுத்து அவன் நாக்கில் ஏறப் பட்ட பாடு! ஒரு தடவை பிழைத்து, தலையை ஆட்டி, திரும்பச் சரியாகச் சொன்னான். சபை கைதட்டியது.

நான் கடையில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் அக்கா பின்னால் வந்து நின்றது தெரியாது. என் பெயர் வந்த இடத்தை அவர் கேட்கவில்லை, பாட்டைத்தான் கேட்டார்.

"அடி ஆத்தே! இவன் எங்கட மோகனெல்லே? எங்கட பாட்டையெல்லே பாடுறான்! ரீயைக் குடிச்சுக் குடிச்சுக் கள்ளன் களவெடுத்துக்கொண்டு போயிட்டானடி!"

கடையில் நின்ற நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். ஒருவர் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்றார். இன்னொருவர் சீனாக்காரன் எதையும் விடமாட்டான் என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சொல்லுவதற்கு அதைவிட நல்ல நேரம் ஒன்று எனக்கு இனி வராது.

"விடுங்கோ அக்கா, பாடிட்டுப் போகட்டும்" என்றேன்.

பாக்கியம் அக்கா என் கன்னத்தைத் தடவினார். கண்கூடக் கலங்கியது அவருக்கு. "உனக்குப் பெரிய மனசடி பிள்ளை" என்றார். மற்றவர்களும் ஓமோம் என்றார்கள். நான் கைபேசியை அணைத்துவிட்டு அவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன்.